ஒத்துழைக்காத சவ்வு

சங்கரன்கோவிலில் இருந்து கழுகுமலை போகும் சாலையில் ஒரு பெரிய நுழைவு வளைவு இருந்தது. அதில் ‘பொதிகை பன்னாட்டு மின்னுயிரியல் புற்றுநோய் உயராய்வு நிறுவனம்’ என்று எழுதியிருந்தார்கள். வளைவுக்குள் பெயர் அடங்காததால் ‘நிறுவனம்’ மட்டும் பக்கத்துத் தூணில் தனியாக நின்றது.

நிறுவனத்தில் நோயாளிகள் குறைவு. விழாக்கள் அதிகம். மொட்டைமாடிக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தபோது ஒரு விழா நடந்தது. தொட்டியில் தண்ணீர் ஏறியபோது இன்னொரு விழா. மோட்டார் பழுதாகித் தண்ணீர் நின்றபோது நீர்ச் சிக்கன விழிப்புணர்வு விழா நடத்தினார்கள்.

எல்லா விழாவுக்கும் நாற்காலி, மேடை, கம்பளம், மைக்செட் கொடுத்தவர் தாவீது. திருவேங்கடம் சாலையில் வாடகைச் சாமான் கடை வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, இழவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சங்கரன்கோவில்காரர்கள் உட்கார்ந்தது அவருடைய நாற்காலியில்தான். நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் கோமதிநாதனை அவருக்கு மிகவும் பிடிக்கும். இப்படி ஒரு வாடிக்கையாளர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும் என்று மனைவி ஜாய்ஸிடம் சொல்லுவார்.

இரண்டு வருடங்களுக்கு முன் தாவீதின் குதிங்காலில் ஒரு கருப்பு மச்சம் வளர்ந்து புண்ணானது. திருநெல்வேலியில் வெட்டி எடுத்து, ஒரு வகைத் தோல் புற்று என்றார்கள். போன தை மாதம் அதே காலில், கெண்டைக்காலுக்கு மேல், மிளகு மிளகாக மூன்று கருப்புக் கட்டிகள் முளைத்தன. நம்ம வாடிக்கையாளர் ஆஸ்பத்திரியே இருக்கும்போது எதற்கு வெளியே அலைய வேண்டும் என்று அவர் நிறுவனத்துக்கே போனார்.

அங்கே டாக்டர் மீனலோசினி என்று ஓர் இளம் பெண் இருந்தார். மின்துளைச் சிகிச்சை படித்து வந்தவர். அதற்கான இயந்திரமும் வந்து, உறை பிரிக்காமல் மூலையில் நின்றது. அவர் காலைப் பார்த்துவிட்டு ஜாய்ஸையும் உள்ளே கூப்பிட்டார்.

“காலை எடுக்கணுமாம்மா?” என்றார் ஜாய்ஸ்.

“இப்பவே வந்துட்டீங்கல்லா, வேண்டாம். இதுக்கு ஒரு நல்ல மருந்து இருக்கு அக்கா. ஆனா செல்லைச் சுத்தி ஒரு சவ்வு உண்டு. கொழுப்பால ஆன சவ்வு. அது இந்த மருந்தை லேசுல உள்ள விடாது. அதனால மருந்தைக் கட்டிக்குள்ள ஊசியில போட்டுட்டு, உடனே கம்பி மாதிரி ஊசி குத்தி கரண்ட் குடுப்போம். கண்ணச் சிமிட்டுத நேரங்கூட இருக்காது. சவ்வுல பொடிப்பொடியா துளை விழும், மருந்து உள்ள போயிரும். கொஞ்ச நேரத்துல துளை தானா மூடிக்கிடும். உள்ள போன மருந்து செல்லைக் கொன்னுரும்.”

“கரண்ட் கொறைச்சலா குடுத்தா வலி இருக்காதுல்லா?” என்றார் தாவீது. ஊசிக்கே பயப்படுகிறவர்.

“கொறைச்சலா குடுத்தா சவ்வு திறக்காது அண்ணாச்சி. ஒரு அளவு தாண்டினாத்தான் திறக்கும். லேட்டா குடுத்தாலும் பிரயோசனமில்ல, ரத்தம் மருந்தைக் கழுவிக் கொண்டுட்டுப் போயிரும். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வேன், பயப்படாதீங்க. நாளைக்கே வாங்க.”

மறுநாள் போனபோது டாக்டர் கோமதிநாதனே வாசலுக்கு வந்து தாவீதின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நம்ம இயந்திரத்துக்கு முதல் நோயாளி நீங்க! என்ன பாக்கியம் பாத்தீரா?”

“சந்தோஷம் டாக்டர். படுத்துக்கிடட்டா?”

“அவசரப்படாதீரும் வே. சிகிச்சை எப்ப வேணும்னாலும் செய்யலாம். தொடக்கவிழா ஒரு தடவைதான் செய்ய முடியும்.”

தலைமை விருந்தினராக ஒரு வாரியத் தலைவரைப் பிடித்திருந்தார்கள். எந்த வாரியம் என்பது அழைப்பிதழில் கடைசிவரை முடிவாகவில்லை. அவருடைய தேதி கிடைக்கச் சித்திரை ஆகிவிட்டது. அதற்குள் மூன்று கட்டிகள் ஐந்தாகி, மிளகு அளவு சுண்டைக்காய் அளவானது. மீனலோசினி இரண்டு தடவை இயக்குநரின் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டார். இரண்டாவது தடவை அவருக்கு வரவேற்புக் குழுவில் உறுப்பினர் பொறுப்பு கொடுத்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் தாவீது தன் ஆட்களோடு போய் மேடை போட்டார். மறுநாள் அதே மேடையில் அவரைச் சக்கரக் கட்டிலில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி அங்கி, அதன்மேல் பொன்னாடை, அதன்மேல் சம்பங்கி மாலை. கெண்டைக்காலை மட்டும் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். மேடையில் ஒரு பலகை ஆடுவது படுத்தவாக்கிலேயே அவருக்குத் தெரிந்தது. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் படுத்திருந்தார்.

“வண்டி உள்ள வந்துட்டு! ஊசியப் போடுங்க!” என்று வாசலில் இருந்து ஓர் ஊழியர் கத்தினார். மீனலோசினி மரத்துப்போக ஊசி போட்டு, கட்டிகளில் மருந்தை ஏற்றி, கம்பிகளையும் குத்தி வைத்தார். உள்ளே வந்தது பிரியாணி வண்டி. விருந்தினரின் கார் அப்போதுதான் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“சார், மருந்து போட்டாச்சி. இப்பவே கரண்ட் குடுக்கணும்,” என்றார் மீனலோசினி.

“அவர் கையாலதான் குடுக்கணும். அழைப்பிதழ்ல போட்டிருக்கு.”

“மருந்து நிக்காது சார்!”

“நாம நிக்கலியா? மருந்துக்கு மட்டும் என்னம்மா அவ்வளவு அவசரம்?” என்று கேட்ட இயக்குநர், குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. கரண்டைப் பாதியா கொறைச்சி வச்சிட்டேன். காலு துள்ளி, ஆளு அலறிட்டாம்னா விழா கெட்டுப்போயிரும்.”

மீனலோசினி இயந்திரத்தை நோக்கி நடந்தார். வரவேற்புக் குழு அவரைச் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனது.

வாரியத் தலைவர் வந்து சேர்ந்து, குத்துவிளக்கு ஏற்றி, ஆறு பேருக்குச் சால்வை போர்த்தி, பிறகு மைக்கைப் பிடித்தார்.

“சவ்வு என்றால் என்ன? இயக்குநர் எனக்கு விளக்கினார். சவ்வு ஒரு கதவு. கதவு என்றால் யாருக்குத் திறப்பது, யாருக்கு மூடுவது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டில் இரண்டு கதவு. மனு கொடுக்க வருகிறவர்களுக்கு முன்கதவு. அது என்னேரமும் மூடியிருக்கும். கொண்டுவந்து கொடுக்கிறவர்களுக்குப் பின்கதவு. நடுராத்திரி தட்டினாலும் நானே எழுந்து போய்த் திறப்பேன். அந்த அளவுக்கு எளிமையானவன் நான்.”

கைதட்டினார்கள். டாக்டர் கோமதிநாதன் எழுந்தார்.

“எங்களைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேரைக் குணமாக்கினீர்கள் என்று கேட்கிறார்கள். நான் கேட்கிறேன், இத்தனை ஆண்டுகளில் எங்கள் சிகிச்சையால் ஒருவராவது செத்தார் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஏனென்றால் நாங்கள் யாருக்கும் சிகிச்சையே செய்ததில்லை!”

அதற்கும் கைதட்டினார்கள். பிறகு வாரியத் தலைவர் பொத்தானை அழுத்தினார். புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதால் மறுபடி ஒரு தடவை அழுத்தினார். தாவீதுக்குக் காலில் கட்டெறும்பு கடித்ததுபோல் இருந்தது. அவர் சிரித்தார். மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஆட்களோடு சேர்ந்து நாற்காலிகளை அடுக்கினார்.

கட்டிகள் கருகவில்லை, உதிரவில்லை. பழையபடி வளர்ந்தன. தாவீது போய்க் காட்டியபோது டாக்டர் கோமதிநாதன் நெடுநேரம் காலைப் பார்த்தார். பிறகு தாவீதின் முகத்தை, ஏதோ ஒப்பந்தத்தை மீறியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எங்க மருந்து சரி. கரண்ட் சரி. அழுத்தினவர் வாரியத் தலைவர். அப்ப கோளாறு எங்கன இருக்கு?”

தாவீதும் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

கோளாறைக் கண்டுபிடிக்க ‘நோயாளிச் சவ்வு விசாரணைக் குழு’ அமைத்தார்கள். குழுவில் மூன்று பேர். ஒருவர் நிர்வாக அதிகாரி, ஒருவர் ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரி, மூன்றாமவர் ஓய்வுபெறப் போகும் நிர்வாக அதிகாரி. தாவீதை நடுவில் நிற்க வைத்தார்கள். மூவரும் உட்கார்ந்திருந்தது அவருடைய நாற்காலிகளில்.

“வீட்டுல என்ன எண்ணெய்?” என்றார் முதலாமவர்.

“கடலை எண்ணெய் சார்.”

“கடலை எண்ணெய் ஒரு கொழுப்பு. சவ்வும் ஒரு கொழுப்பு. ரெண்டும் சொந்தக்காரங்க. சொந்தக்காரன் பேச்சைக் கேட்டுக்கிட்டு உங்க சவ்வு எங்களுக்குத் திறக்கலை. அப்படித்தானே?”

“எனக்குத் தெரியலியே சார்.”

“தெரியாம எப்படி? உங்க சவ்வுதானே!”

“விழா அன்னைக்கு உங்க சவ்வு என்ன மனநிலையில இருந்துச்சி?” என்றார் ஓய்வுபெற்றவர்.

தாவீது பின்னால் நின்ற ஜாய்ஸைத் திரும்பிப் பார்த்தார். “எல்லாரையும் போலத்தான் சார் இருந்திருக்கும். பேச்சு எப்ப முடியும்னு.”

அது ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நோயாளியின் செல்சவ்வு நிறுவனத்தோடு ஒத்துழைக்கவில்லை என்று குழு தீர்மானித்தது. இனிமேல் தன் சவ்வை ஒழுங்காக நடந்துகொள்ளச் செய்வதாகத் தாவீது ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், ஐப்பசியில் மறுதொடக்க விழா வைக்கலாம் என்றார்கள். அவசரம் என்றால் காலை எடுத்துவிடலாம், அதற்கு விழா தேவையில்லை.

தாவீது பேனாவை வாங்கினார். ஐம்பத்தாறு வயதில் தன் சவ்வுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டி வரும் என்று அவர் நினைத்ததில்லை. ஆனாலும் எழுதக் குனிந்தார். ஜாய்ஸ் அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

“நீங்கள்லாம் மனுசங்களாவே? ஏங்க, எந்திரிங்க. இவனுவ கால்ல விழுததுக்கு நாம ஒத்தக்கால்லயே நடந்து போவோம்.”

வாசலில் மீனலோசினி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பெட்டி. குழுவுக்கு அவர் எழுதிய மறுப்பை யாரும் வாசிக்கவில்லை; வாசிக்காமலே அவரைத் தோட்டப் பராமரிப்புக்கு மாற்றியிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டார்.

“அக்கா, மதுரையில எனக்குச் சொல்லித்தந்த டாக்டர் இருக்காரு. நான் அங்கதான் போறேன். நாளைக்குக் காலையில பஸ் ஏறி வந்துருங்க. அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க. நான் அந்த ஊசியப் போட்டிருக்கக்கூடாது.”

மதுரையில் மேடை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, மருந்தை ஏற்றி, கம்பியைக் குத்தினார்கள். கால் கட்டிலை விட்டுத் துள்ளியது. மரத்துப்போன காலுக்குள்ளேயே ஏதோ பிடுங்கியதுபோல் தாவீது அலறினார். அடுத்த கட்டி, அடுத்த அலறல். எல்லாம் அடங்கிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“எப்ப டாக்டர் தொடங்குவீங்க?”

“முடிஞ்சிட்டு அண்ணாச்சி,” என்றார் மீனலோசினி.

கட்டிகள் கருகிப் பொருக்குத் தட்டி, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பெரிதாக இருந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டாம் தடவை செய்ய வேண்டியிருந்தது. ஆனால் வாரியத் தலைவரின் தேதிக்காகக் காத்திருந்த மாதங்களில் நோய் தொடை இடுக்கு நெறிகட்டிக்கு ஏறியிருந்தது. அதை அறுவை செய்து எடுத்தார்கள். தை மாதமே சிகிச்சை நடந்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காதா என்று ஜாய்ஸ் கேட்டார். மீனலோசினி பொய் சொல்லவில்லை. “பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது அக்கா,” என்றார்.

உயிர் பிழைத்தது. ஆனால் நெறிகட்டியை எடுத்ததில் அந்தக் கால் பனங்கிழங்குக் கட்டுபோல் வீங்கி, நிரந்தரமாக அப்படியே நின்றுவிட்டது. சாயங்காலமானால் செருப்புக்குள் பாதம் நுழையாது. இனி அவரால் மூங்கில் தூக்க முடியாது. மேடை ஏற முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய், திரும்ப வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

மதுரையில் இருந்து வந்து இறங்கிய அன்று பஸ் நிலையத்தில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் இருந்தது. மாலை போட்டுப் படுத்திருக்கும் தாவீதின் படம். பக்கத்தில் கைகூப்பிய டாக்டர் கோமதிநாதன். ‘எங்கள் மின்துளைச் சிகிச்சையின் முதல் வெற்றி!’

ஜாய்ஸ் கல்லைத் தேடினார். தாவீது அவர் கையைப் பிடித்தார்.

“வேண்டாம் ஜாய்ஸு.”

“உங்களுக்கு ரோஷமே கிடையாதா?”

தாவீது அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அதுவரை கிடையாதுதான். பந்தல்காரனுக்கு ரோஷம் இருந்தால் தொழில் நடக்காது. ஆனால் அன்று, வீங்கிய காலில் நின்று அந்தப் படத்தைப் பார்த்தபோது, அவருக்கும் அது வந்துவிட்டது.

புரட்டாசியில் டாக்டர் கோமதிநாதன் போன் செய்தார். டெல்லியில் இருந்து தர ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் சரி என்றால்தான் நிறுவனத்துக்கு அங்கீகாரமும் அடுத்த கட்ட நிதியும். அறுபது படுக்கை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. உள்ளே இருப்பவை எட்டு. ஆகவே கட்டில், மெத்தை, தலையணை, திரைச்சீலை, நாற்காலி, கம்பளம், ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும்.

“நீங்களும் வரணும் அண்ணாச்சி. குணமான நோயாளின்னு முன்வரிசையில இருக்கணும். பழசையெல்லாம் மனசுல வச்சிக்கிடாதீரும்.”

“வச்சிக்கிடல டாக்டர். ஆனா ஒண்ணு சொல்லிப்போடுதேன். சாமான் காலையில பதினோரு மணி வரைக்கும்தான். அதுக்குப் பெறகு சிவகிரியில ஒரு சர்ச்சுக் கல்யாணத்துக்குப் போகணும்.”

“பத்தரைக்கே முடிச்சிருவோம்!” என்றார் இயக்குநர். அவர் நடத்திய எந்த விழாவும் குறித்த நேரத்தில் தொடங்கியதுகூட இல்லை.

தாவீது போனை வைத்துவிட்டு, லாரி ஓட்டும் கூட்டாளி சேக் மைதீனைக் கூப்பிட்டார்.

“ஆய்வு நடக்குத அன்னைக்குப் பதினோரு மணிக்கு நம்ம ஆளுவளோட வந்து எல்லாத்தையும் ஏத்திரணும்.”

சேக் மைதீன் திகைத்துப்போனார். “விழா நடந்துக்கிட்டு இருந்தா?”

“நடந்துக்கிட்டுத்தான் இருக்கும்.”

“நம்ம கடை ஆரம்பிச்ச நாள்ல இருந்து, உக்காந்திருக்கவன்கிட்ட இருந்து சேர் எடுத்ததில்லியே அண்ணாச்சி.”

“ஆமா,” என்றார் தாவீது. “இந்தத் தடவை எடுப்போம்.”

ஆய்வுக் குழுவில் இரண்டு பேர். தலைவர் ஓர் அம்மையார்; தமிழ் நன்றாகப் பேசினார். அறுபது கட்டில்களிலும் அறுபது பேர் படுத்திருந்தார்கள். மேலநீலிதநல்லூரில் இருந்து வேனில் வந்தவர்கள். மதியம் பிரியாணி என்ற நிபந்தனையில் காலையில் இருந்து முனகிக்கொண்டிருந்தார்கள். அம்மையார் ஒரு பெரியவரிடம் என்ன நோய் என்று கேட்டார்.

“இன்னும் சொல்லலைம்மா. வேன்ல லேட்டா ஏறிட்டேன்.”

டாக்டர் கோமதிநாதன் அவசரமாக அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, மைக்கைப் பிடித்தார். வரவேற்பு, வரலாறு, நிறுவனரின் தந்தையின் வரலாறு என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு லாரி வந்தது.

முதலில் வார்டில் சத்தம் கேட்டது. சேக் மைதீனின் ஆட்கள் ஒரு கட்டிலைத் தூக்க, அதில் இருந்தவர் எழுந்து நின்று, அடுத்த கட்டிலைத் தூக்க ஒரு கை கொடுத்தார். நோயாளிகள் எல்லாரும் உழைப்பாளிகள். சும்மா நிற்கப் பழகாதவர்கள். அறுபது பேரும் சேர்ந்து ஏற்றியதில் வார்டில் சீக்கிரமே பழைய எட்டுக் கட்டில்தான் மிஞ்சியது. பிறகு கம்பளம் உருண்டது. திரைச்சீலை இறங்கியது. பின்வரிசையில் இருந்து நாற்காலிகள் போயின. ஊழியர்கள் பேச்சைக் கேட்டபடியே எழுந்து, கேட்டபடியே நின்றார்கள்.

“இந்த நிறுவனம் யாரையும் நம்பி இல்லை! எங்களிடம் இருப்பது எல்லாம் எங்களுடையது!” என்று இயக்குநர் முழங்கியபோது ஜெனரேட்டர் நின்றது. மைக் செத்தது. அவருடைய சொந்தக் குரல் முன்வரிசைக்கே எட்டவில்லை.

மேடையின் பலகைகளைக் கழற்றத் தொடங்கியதும் அவர் கீழே இறங்கி ஓடிவந்தார்.

“என்ன வே செய்யுதீரு? அரைமணி நேரம் பொறும்!”

“நேரம் முடிஞ்சிட்டு டாக்டர். கல்யாண வீட்டுல காத்திருக்காங்க.”

அம்மையார் தாவீதைப் பார்த்தார். “நீங்கள்தானே இங்கே குணமான நோயாளி?”

“குணமானது மதுரையிலம்மா. இங்கன நான் கட்டில் குடுத்தவன்.” அவர் வேட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காலைக் காட்டினார். தொடக்கவிழாவில் இருந்து விசாரணைக் குழு வரை நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அம்மையார் கேட்டு முடித்து, இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டத் தெரிந்தவர் தோட்டப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டு வேலையை விட்டுப் போய்விட்டதாக ஓய்வுபெறப் போகும் நிர்வாக அதிகாரி தெரிவித்தார். அன்று நிறுவனத்தார் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று அம்மையார் அறிக்கையில் எழுதினாராம்.

அவர் எழுந்தபோது சேக் மைதீன் அந்த நாற்காலியையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நிறுவனம் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தது: ‘இயக்குநர் உரையாற்றுகையில் கூடியிருந்த அனைவரும் எழுந்து நின்று மரியாதை செலுத்தினர்.’

அங்கீகாரம் போனது. நிதி போனது. இயந்திரத்தை, நிறுவனத்தை நடத்திய அறக்கட்டளையிடம் இருந்து அரசு மருத்துவமனை ஒன்றுக்கு மாற்றினார்கள். விசாரணைக் குழுவின் மூவர் மீதும் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

கார்த்திகையில், நல்ல மழை நாளில், டாக்டர் கோமதிநாதன் தாவீதின் கடைக்கு வந்தார். காரை விற்றுவிட்டதாகவோ, கார் அறக்கட்டளையுடையது என்றோ ஊரில் பேச்சு. பஸ்ஸில் வந்து, நனைந்து நடந்து வந்திருந்தார். வாடகைக் கெடுவில் ஏற்பட்ட குழப்பத்தால்தான் சாமான்களை எடுத்ததாகத் தாவீது எழுதிக் கொடுத்தால், மேல்முறையீடு செய்து வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

முகூர்த்தம் இல்லாத நாள். கடை முழுக்க நாற்காலிகள் கூரையைத் தொடும்படி அடுக்கியிருந்தன. தாவீது ஒன்றில் உட்கார்ந்து, வீங்கிய காலை இன்னொன்றில் நீட்டியிருந்தார். ஜாய்ஸ் பக்கத்தில் ஒன்றில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கீரைக்கும் ஒரு நாற்காலி.

டாக்டர் கோமதிநாதன் தலையைத் துவட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் உக்காந்து பேசலாமா? மூட்டு வலிக்கி.”

தாவீது கூரைவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, மரியாதையாக, சொன்னார்.

“சேர் இல்லியே டாக்டர்.”

ஜாய்ஸ் கீரையை உருவிக்கொண்டே இருந்தார். டாக்டர் கோமதிநாதன் நின்றபடி பேசினார். அவர் வாழ்க்கையிலேயே சுருக்கமான பேச்சு அதுதான்.